நம்ம ஊர்த் தண்ணிக்கு என்ன?

நான் எழுதப் போகிற விஷயம் ஆயாக்களுக்குப் பிடிக்காது. (எங்கள் பக்கத்தில் பாட்டியை ஆயா என்றுதான் கூப்பிடுவோம். பட்டணத்து வாசகர்கள் வேறு விதமாக நினைத்துக்கொள்ள வேண்டாம்.) பனித்திட்டு, நரம்பை, கிருமாம்பாக்கம், பாகூர் என்று எங்கள் கொம்யூன் முழுவதிலும் உள்ள ஆயாக்கள் ஒன்று சேர்ந்து என்னைத் திட்டினாலும் சரி, சொல்லிவிடுகிறேன். பிரான்சிலிருந்து முதல் தடவையாக ஊருக்கு வருகிற பேரப் பிள்ளைக்குக் கொதிக்க வைத்து ஆற்றின தண்ணீரைத்தான் கொடுக்க வேண்டும். அந்தப் பிள்ளை பாட்டில் தண்ணீர் கேட்டால் அதை அவமரியாதையாக எடுத்துக்கொள்ளக் கூடாது. "நம்ம ஊர்த் தண்ணிக்கு இன்னா?" என்கிற கேள்வி நம் வீட்டுக் கூடங்களிலிருந்து ஒழிய வேண்டும்.

சின்ன விஷயத்தைப் பெரிதுபடுத்துகிறேன் என்று நினைக்கிறவர்கள் ஜூலை, ஆகஸ்டு மாதங்களில் எங்கள் ஊரில் வந்து பத்து நாள் இருந்து பார்க்கட்டும்.

புதுச்சேரிக்கும் பிரான்சுக்கும் உள்ள உறவைப் பாடப் புத்தகத்தில் மட்டும் படித்தவர்கள், அது 1954 நவம்பர் 1ஆம் தேதியோடு தீர்ந்துவிட்டது என்று எண்ணுவார்கள். தீரவில்லை. சட்டப்படி ஊர் கைமாறியது 1962 ஆகஸ்டு 16ஆம் தேதி. அதிலிருந்து ஆறு மாதத்துக்குள், விருப்பப்பட்டவர்கள் பிரெஞ்சுப் பிரஜைகளாகவே இருந்துகொள்ளலாம் என்று எழுதிக் கொடுக்க உடன்படிக்கை வழி வைத்தது. எழுதிக் கொடுத்தார்கள். பிரெஞ்சுப் பட்டாளத்தில் சேவகம் பண்ணிப் பென்ஷன் வாங்குகிறவரை இங்கே 'சொல்தா' என்பார்கள். அந்தச் சொல்தா வீடுகளிலிருந்தும் மற்ற வீடுகளிலிருந்தும் பிள்ளைகள் பாரிசுக்கும் அதன் சுற்றுவட்டாரத்துக்கும் போனார்கள். பெண் எடுத்தார்கள், கொடுத்தார்கள், அங்கேயே தங்கினார்கள். இப்போது வருவது அவர்களுடைய பேரன் பேத்திகள். அங்கே பள்ளிக்கூடம் மூடுகிற ஜூலை, ஆகஸ்டில் வரும். இல்லாவிட்டால் கிறிஸ்துமஸ் லீவில் வரும். காதுகுத்தோ கல்யாணமோ ஒன்று காத்திருக்கும். தெருவே கூடி நின்று கன்னத்தைக் கிள்ளும்.

"ஊருக்கு வந்திருக்கான்" என்கிறோம். எந்த ஊருக்கு? அவன் ஊர் பாரிசுக்குப் பக்கத்தில் எட்டாவது மாடியில் இருக்கிறது. அவன் கடவுச்சீட்டோடு பத்து மணி நேரம் பறந்து வந்திருப்பது, இதற்கு முன் கண்ணால் பார்த்தேயிராத ஓர் உஷ்ண தேசத்துக்கு. ஒரு வெள்ளைக்காரக் குழந்தை முதல் தடவையாக இந்தியாவுக்கு உல்லாசப் பிரயாணம் வந்தால் என்னென்ன ஜாக்கிரதை வேண்டுமோ அத்தனையும் இவனுக்கும் வேண்டும். இன்னும் ஒரு படி மேலே போவேன். அந்தக் குழந்தையைவிட இவனுக்குத்தான் ஆபத்து அதிகம்.

இது கதை எழுதுகிறவனின் கற்பனை என்று யாரும் தள்ளிவிட வேண்டாம். பிரயாணிகளின் வியாதிகளை ஆராய்கிற வைத்தியர்கள், 'உறவினரைப் பார்க்கப் போகிறவர்கள்' என்று ஒரு தனி வகுப்பே பிரித்து வைத்திருக்கிறார்கள். பணக்கார நாட்டில் குடியேறி, பூர்விக ஊருக்கு லீவில் போய் வருகிறவர்களும் அவர்களுடைய பிள்ளைகளும் அதில் அடக்கம். மலேரியாவும் டைபாய்டும் மற்ற உல்லாசப் பிரயாணிகளைவிட இவர்களைத்தான் அதிகமாகப் பிடிக்கின்றன. பிரிட்டனில் கண்டுபிடிக்கப்படுகிற டைபாய்டு ஜுரத்தில் பெரும் பங்கு, இந்தியா, பாகிஸ்தான், வங்காளதேசம் ஆகிய நாடுகளுக்குச் சொந்தக்காரர்களைப் பார்க்கப் போய் வந்தவர்களுடையது. காரணமும் சொல்கிறார்கள். இவர்கள் நீண்ட நாள் தங்குகிறார்கள். ஓட்டலில் தங்காமல் வீட்டில் தங்குகிறார்கள். வீட்டில் கொடுப்பதைத் தின்கிறார்கள், குடிக்கிறார்கள். புறப்படுமுன் வைத்தியரைக் கேட்பதில்லை. ஏன் கேட்க வேண்டும்? சொந்த ஊருக்குத்தானே போகிறோம்!

அப்பன்காரனின் மார்தட்டலும் இதற்குத் துணை. "நான் இங்க பொறந்தவன். இந்தத் தண்ணியக் குடிச்சுத்தான் வளர்ந்தேன். எனக்கு இன்னா ஆச்சு?" என்பான். அவனுக்கு ஒன்றும் ஆகவில்லை, வாஸ்தவம். அவனோடு பிறந்த வேறு சில பிள்ளைகளுக்கு என்ன ஆயிற்று என்று அவனுடைய அம்மாவைத் தனியாகக் கேட்டால் தெரியும். 1971இல் இந்தியாவில் பிறந்த ஒவ்வொரு 1000 குழந்தைகளிலும் 129 குழந்தைகள் முதல் பிறந்தநாளைப் பார்க்கவில்லை. அத்தனையும் தண்ணீரால் என்று சொல்லமாட்டேன். ஆனால் தண்ணீருக்கு அதில் பெரிய பங்கு உண்டு. குடித்து வளர்ந்தவர்கள் இன்று சபையில் சாட்சி சொல்கிறார்கள். குடித்து வளராமல் போனவர்கள் சாட்சிக் கூண்டுக்கு வர முடியாது. இந்த வழக்கில் தீர்ப்பு எப்போதும் நம் ஊர்த் தண்ணீருக்குச் சாதகமாக ஆவதன் ரகசியம் இதுதான்.

தவிர, அவனுடைய உடம்பு சின்ன வயதில் இங்கே கற்றுக்கொண்ட எதிர்ப்பு, சொத்துப்போல மகனுக்கு இறங்காது. அவனிடமே அது முழுசாக இருக்கிறதா என்பது சந்தேகம். இருபது வருஷம் வேறு நாட்டில் இருந்தவனின் உடம்பு பழைய பாடத்தில் பாதியை மறந்திருக்கும். மூன்றாம் நாள் அவனும்தான் கொல்லைப்புறம் ஓடுகிறான். வெளியில் சொல்லுவதில்லை.

இதில் எழுத்தாளர் கூட்டத்தின் கைங்கரியமும் உண்டு. நகரத்திலிருந்து வந்தவன் கிணற்றுத் தண்ணீரை இரண்டு கையாலும் அள்ளிக் குடித்ததும் அவனுக்கு ஞானோதயம் ஆகிவிடும். பாட்டில் தண்ணீர் கேட்கிற மருமகள் நிச்சயமாகக் கெட்டவளாக இருப்பாள். எத்தனை கதை! எத்தனை சினிமா! நான் அந்தக் கட்சியில் இல்லை. பெற்ற பிள்ளைக்காகத் தண்ணீரைச் சந்தேகிக்கிற பெண் கெட்டவள் என்றால், எனக்குக் கெட்டவள்தான் வேண்டும்.

தண்ணீரைத் தளதளவென்று ஒரு நிமிஷம் கொதிக்க விட்டால் போதும். கிருமிகளுக்கு அது யாகம். ஆனால் ஆயாவின் சாமர்த்தியம் இருக்கிறதே! குடிப்பதற்குக் கொதிக்க வைத்த தண்ணீரைக் கொடுத்துவிட்டு, மோரில் பச்சைத் தண்ணீரை விட்டுக் கலக்குவாள். நன்னாரி சர்பத்தில் கடை ஐஸைப் போடுவாள். "தண்ணி கேட்டான், வெந்நீர் குடுத்தேன். மோரு மோருதானே?" என்பாள். பல் தேய்க்கிற தண்ணீரைப் பற்றிப் பேசினால் எழுந்தே போய்விடுவாள்.

எதிர்க்கட்சியையும் நான் சும்மா விடப் போவதில்லை. பிரான்சிலிருந்து வருகிறவர்களில் அதி ஜாக்கிரதைப் பேர்வழிகள் சிலர் உண்டு. பெட்டி நிறைய கை கழுவும் திரவம், மாத்திரை, பிஸ்கோத்து. அடுப்பிலிருந்து கொதிக்கக் கொதிக்க இறக்கின மீன் குழம்பைப் பிள்ளைக்குக் கொடுக்கப் பயப்படுவார்கள். பிறகு காரை எடுத்துக்கொண்டு புதுச்சேரி வெள்ளை நகரத்துக்குப் போய், மேஜை விரிப்பு போட்ட ஓட்டலில், எப்போது நறுக்கினது என்று தெரியாத பச்சைக் காய்கறியையும் ஐஸ் போட்ட பழரசத்தையும் வாங்கிக் கொடுப்பார்கள். சுடச் சுட வெந்த பண்டந்தான் இந்தத் தேசத்தில் ஆகக் குறைந்த ஆபத்து. அது ஆயாவின் இட்டிலியாக இருந்தாலும் சரி, குழம்பாக இருந்தாலும் சரி. இவர்களுடைய பயத்துக்கு ஏழை வீட்டுப் பாத்திரம் மட்டுமே கண்ணில் படுகிறது. அதை நான் சுகாதாரம் என்று ஒப்புக்கொள்ள மாட்டேன்.

விமான டிக்கெட்டின் விலை எப்போது இறங்கும் என்று ஆறு மாதம் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்கிறவன், வைத்தியரிடம் அரை மணி நேரம் செலவழிக்க மாட்டேன் என்கிறான். பாரிசில் பாஸ்டர் நிலையத்திலேயே பிரயாணிகளுக்கென்று வைத்தியசாலை இருக்கிறது. புறப்படுவதற்கு ஆறு வாரம் முன்னால் போனால், மஞ்சள்காமாலைக்கு ஊசி, டைபாய்டுக்கு ஊசி என்று முடித்து அனுப்புவார்கள். "இந்தியாவுக்குப் போக ஊசியா?" என்று ரோஷப்படுகிற தேசபக்தர்களுக்கு ஒரு சமாசாரம்: ஆறு மாதக் குழந்தைக்கும் போடக்கூடிய புதுவகை டைபாய்டு ஊசிகளில், 2017 டிசம்பரில் உலக சுகாதார நிறுவனம் முதன்முதலாக அங்கீகரித்தது ஹைதராபாத்தில் தயாரானது. நம் தேசமே தன் தண்ணீருக்கு எதிராக ஊசி செய்து உலகத்துக்கு விற்கிறது. ஆயாவுக்கு மட்டும் ஏன் வெட்கம்?

சரி, தண்ணீரை விடுகிறேன். தண்ணீரால் வருவதைப் பெரும்பாலும் வைத்தியர் தீர்த்துவிடுவார். அவரால் தீர்க்க முடியாதவை வேறு சில உண்டு; அவற்றைப் பற்றி எந்தக் கட்சியும் வாய் திறப்பதில்லை.

முதலாவது, மோட்டார் சைக்கிள். பிரான்சில் பத்து வயது ஆகிறவரை பிள்ளையைத் தனி ஆசனத்தில் வைத்துக் கட்டாமல் காரை நகர்த்தக் கூடாது என்பது சட்டம். அந்தச் சட்டத்துக்கு அங்கே கைகட்டி நடக்கிற தகப்பன், இங்கே வந்த மறுநாள், தம்பியின் வண்டியில் பெட்ரோல் டாங்கின்மேல் ஒன்றும் பின்னால் ஒன்றுமாகப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு கடலூர் சாலையில் போகிறான். தலையில் ஒன்றுமில்லை. 2022ஆம் வருஷம் இந்தியச் சாலைகளில் செத்தவர்கள் 1,68,491 பேர் என்று சர்க்கார் கணக்கு. அதில் பத்துக்கு நாலுபேருக்கு மேல் இரு சக்கர வண்டியில் போனவர்கள். தகப்பனுக்கு இந்தச் சாலை தெரியும், ஒப்புக்கொள்கிறேன். சாலைக்கு அவனைத் தெரியாதே! விமான நிலையத்திலிருந்து வருகிற பிரயாணம் இன்னொரு கூத்து. நடுராத்திரி சென்னையில் இறங்கி, அந்த நிமிஷமே வாடகைக் காரில் ஏறி, 150 கிலோமீட்டருக்கு மேல் இருட்டில் வர வேண்டும். முந்தின நாள் பூராவும் வண்டி ஓட்டின டிரைவர் கண்ணைக் கசக்கிக்கொண்டு வருவான். விடிகிற வரைக்கும் ஓர் அறை எடுத்துப் படுத்திருந்துவிட்டு வந்தால் ஆயா ஒன்றும் ஓடிப் போய்விட மாட்டாள்.

இரண்டாவது, கடல். இதைப் பற்றி எனக்குச் சற்று விஸ்தாரமாகப் பேச வேண்டும்.

பனித்திட்டுக் கடற்கரையில் மாலையில் நின்றால் அதைவிட அழகான இடம் வேறு இல்லை என்று தோன்றும். படகுகள் மணலில் ஏறியிருக்கும். வலை பிரிக்கிறவர்கள் பேசிக்கொண்டிருப்பார்கள். பிரான்சுப் பிள்ளைக்கு நீச்சல் தெரியும். பள்ளிக்கூடத்திலேயே சொல்லிக்கொடுக்கிறார்கள். நீச்சல் குளத்தில் மீன்போல அந்தக் கோடிக்கும் இந்தக் கோடிக்கும் போய் வருவான். அதுதான் வினை. குளத்துத் தண்ணீர் நின்ற இடத்தில் நிற்கும். கடல் தண்ணீர் கரையில் வந்து மோதினால், மோதின அத்தனையும் திரும்பிப் போயாக வேண்டும். பல சமயம் அது ஒரு குறுகலான வழியைப் பிடித்துக்கொண்டு ஆறுபோல உள்ளே ஓடும். அந்த வழியில் அலை உடையாது. இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நுரை பொங்கிக்கொண்டிருக்க, நடுவில் ஓரிடம் மட்டும் கறுத்து, சாந்தமாகத் தெரியும். வெளியூரிலிருந்து வருகிறவர்கள் கடற்கரை முழுவதும் பார்த்து, அலை இல்லையே, குழந்தைகளுக்கு நல்ல இடமாயிற்றே என்று தேர்ந்தெடுத்து இறங்குவது அங்கேதான்.

இழுக்கிறபோது எதிர்த்து நீந்தக் கூடாது. நீச்சல் வீரனாலும் முடியாது. கை சோர்ந்துதான் சாவு வருகிறது. மிதந்துகொண்டு, கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நகர்ந்து, அலை உடைகிற இடத்துக்குப் போய்விட்டால் அந்த அலையே கரைக்குத் தள்ளிக்கொண்டு வரும். எங்கள் கடற்கரையில் வாடை, கொண்டல், சோழகம், கச்சான் என்று காற்றுக்குப் பெயர் வைத்து, எந்தக் காற்றில் தண்ணீர் எந்தப் பக்கம் இழுக்கும் என்று நின்ற நிலையில் சொல்லுகிற ஆட்கள் இருக்கிறார்கள். "இன்னிக்கு இறங்கலாமா, மாமா?" என்று ஒரு வார்த்தை கேட்க வேண்டும். கேட்பது யார்? பிள்ளையின் சித்தப்பன் டவுனில் ஆபீசில் இருக்கிறான். அவனுக்கே கடல் ஞாயிற்றுக்கிழமைச் சாமான். "நம்ம கடல்தானே" என்று அழைத்துப் போகிறான்.

நம்ம கடல்! 2004 டிசம்பர் 26ஆம் தேதி காலையில் நம்ம கடல் புதுச்சேரிப் பிரதேசத்தில், காரைக்காலையும் சேர்த்து, ஏறக்குறைய 600 பேரைக் கொண்டுபோயிற்று. கடலிலேயே பிறந்து வளர்ந்தவர்கள் அதில் எத்தனை பேர்! அதே காலையில் தாய்லாந்தில் பூக்கெட் தீவுக் கடற்கரையில், லீவுக்கு வந்திருந்த ஓர் இங்கிலீஷ் பெண்பிள்ளை, பத்து வயது, தண்ணீர் நுரைத்து விசித்திரமாக வருவதைப் பார்த்தாள். இரண்டு வாரத்துக்கு முன் பூகோள வகுப்பில் வாத்தியார் காட்டினது ஞாபகம் வந்தது. அம்மா அப்பாவிடம் கத்தினாள். அவர்கள் நம்பினார்கள், கடற்கரையைக் காலி பண்ணினார்கள், பிழைத்தார்கள். அந்தக் கடலுக்கும் அவளுக்கும் எந்தச் சொந்தமும் இல்லை.

சின்ன வீராம்பட்டினத்து ஈடன் கடற்கரைக்கு 2021இல் நீலக் கொடி கொடுத்தார்கள் என்று பெருமைப்படுகிறோம். பனித்திட்டில் கொடி கட்டின குளிக்குமிடம் ஏது? முழங்கால் தண்ணீருக்கு மேல் பிள்ளையை விடக் கூடாது. அதுவும் பெரியவர் ஒருவர் கைக்கெட்டுகிற தூரத்தில் நின்றால் மட்டும்.

மூன்றாவது, நாய். நரிகளால் பரவிக்கொண்டிருந்த வெறிநோயைப் பிரான்சு ஒழித்துக் கட்டிவிட்டதாக 2001இல் அறிவித்தார்கள். அங்கே நாய் வீட்டு மனுஷரில் ஒருவர். இங்கே வந்து மீன் வாடியடியில் குட்டி நாயைப் பார்த்ததும் பிள்ளை வாரித் தூக்கிக்கொள்ளும். உலகத்தில் வெறிநாய்க்கடியால் சாகிறவர்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் நம் நாட்டில்தான் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்லுகிறது. நோய் வெளிப்பட்ட பிறகு வைத்தியம் இல்லை. கீறல் பட்டால் அம்மா திட்டுவாள் என்று பிள்ளை மறைக்கும். ஆயா கண்டுபிடித்தால் சுண்ணாம்போ மஞ்சளோ வைப்பாள். இரண்டும் வேண்டாம். சோப்புப் போட்டு, ஓடுகிற தண்ணீரில் கால் மணி நேரம் கழுவிவிட்டு, அன்றைக்கே ஆஸ்பத்திரி. சர்க்கார் ஆஸ்பத்திரியில் ஊசி இலவசம். தொப்புளைச் சுற்றிப் பதினாலு ஊசி என்கிற பழைய பயங்கரம் இந்தியாவில் 2004ஆம் வருஷத்தோடு ஒழிந்தது. இன்னும் அதைச் சொல்லிப் பிள்ளைகளைப் பயமுறுத்துகிற பெரியவர்கள் இருக்கிறார்கள். முன்கூட்டியே போட்டுக்கொண்டு வருகிற ஊசியும் உண்டு. போட்டிருந்தாலும் கடித்தபின் மறுபடி போட வேண்டும், ஆனால் காரியம் சுலபமாகும். இந்த ஊசியை 1885இல் முதன்முதலாக ஒன்பது வயதுப் பையனுக்குப் போட்டவர் பாஸ்டர். பிரான்சிலிருந்து வருகிறவனுக்கு இதை நான் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கிறது!

வருகிற மாதத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. கல்யாண முகூர்த்தத்தைப் பார்த்து டிக்கெட் வாங்குகிறவர்கள் வானத்தைப் பார்ப்பதில்லை. அக்டோபரிலிருந்து டிசம்பர்வரை எங்கள் பக்கம் மழையும் புயலும். 2011இல் 'தானே' கரையேறினது டிசம்பர் 30ஆம் தேதி, கிறிஸ்துமஸ் லீவின் நட்ட நடுவில். 2024 நவம்பர் 30ஆம் தேதி 'ஃபெஞ்சல்' வந்தபோது புதுச்சேரியில் ஒரே நாளில் ஏறக்குறைய 48 சென்டிமீட்டர் மழை. தென்பெண்ணை பெருகிப் பாகூர்ப் பக்கமெல்லாம் தண்ணீர். முதல் தடவை வருகிற குழந்தையை ஜனவரி, பிப்ரவரியில் அழைத்து வந்தால் என்ன? அங்கேயும் பிப்ரவரியில் இரண்டு வாரம் பள்ளிக்கூட லீவு உண்டு. முகூர்த்தம் தையிலும் மாசியிலும் இல்லாமலா போயிற்று?

கொசுவைச் சொல்லாமல் விடக் கூடாது. ஆயா ராத்திரிக்குக் கொசுவர்த்தி ஏற்றுகிறாள். டெங்குக் கொசு கடிப்பது பகலில். அது குடியிருப்பது சாக்கடையில் இல்லை, ஆயா மூடாமல் வைத்திருக்கிற நல்ல தண்ணீர்த் தொட்டியில். கொசு ஆராய்ச்சிக்கென்று 1975 முதல் ஒரு மத்திய நிலையமே புதுச்சேரியில் இருந்தும், இந்த ஒரு சேதி எங்கள் தெருவுக்கு இன்னும் வந்து சேரவில்லை. பகலிலேயே கைகால் மூடின மெல்லிய சட்டை போட வேண்டும். ஜுரம் வந்தால், பெட்டியில் கொண்டுவந்திருக்கிற வலி மாத்திரைகளைக் கண்டபடி கொடுக்கக் கூடாது. டெங்குவாக இருந்தால் ஆஸ்பிரினும் இபுப்ரோஃபெனும் ரத்தக் கசிவை உண்டாக்கும். பாராசிட்டமால் ஒன்றுதான். பிறகு வைத்தியர். கிருமாம்பாக்கத்திலும் பிள்ளையார்குப்பத்திலும் மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிகள் இருக்கின்றன, டவுனுக்கு அந்தப் பக்கம் ஜிப்மர் இருக்கிறது. மந்திரிக்கிறவரிடம் கூட்டிக்கொண்டு போவதானால், ரத்தம் சோதித்த பிறகு போகலாம். எனக்கு ஆட்சேபணை இல்லை.

லீவு முடிந்து பிள்ளை விமானம் ஏறிவிட்டதும் எல்லாரும் பெருமூச்சு விடுகிறார்கள். டைபாய்டு உடம்பில் இறங்கி வெளியே தலை காட்ட ஒன்றிலிருந்து மூன்று வாரம் ஆகும். மலேரியாவுக்கு மாதக் கணக்கும் ஆகலாம். அங்கே குளிர்காலத்தில் ஜுரம் என்று போனால், டாக்டர் சாதாரணச் சளிக்காய்ச்சல் என்று மருந்து எழுதி அனுப்பிவிடுவார். அவர்மேல் தப்பில்லை, பிள்ளை எங்கே போய் வந்தது என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. "உல்லாசப் பிரயாணம் ஏதாவது போனீர்களா?" என்று அவர் கேட்டிருந்தாலும், "இல்லை, சொந்த ஊருக்குப் போனோம்" என்றுதான் பதில் சொல்லியிருப்பார்கள். ஆயா, பத்திரமாகப் போய்ச் சேர்ந்தார்களா என்று கேட்க ஒரு தடவை போன் போடுகிறாயே, மூன்று வாரம் கழித்து இன்னொரு தடவை போடு. பிள்ளைக்கு ஜுரம் உண்டா என்று கேள். இருந்தால், பனித்திட்டுக்கு வந்து போனதை டாக்டரிடம் சொன்னார்களா என்று கேள்.